வீட்டில் தமிழ் பேசச் சொன்ன டீச்சர்

அடையாறிலிருந்து மயிலாப்பூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"வியன்னாவுல என் பையன் படிக்கிற இன்டர்நேஷனல் ஸ்கூல்ல என்னைக் கூப்பிட்டுக் கண்டிச்சாங்கடி, வீட்டுல இங்கிலீஷ் பேசறோம்னு."

"என்னக்கா, எல்லாம் தலைகீழா இருக்கு?"

"அவன் கிளாஸ்ல பன்னெண்டு நாட்டுப் பசங்க. இங்கிலீஷை நாங்க பாத்துக்கறோம், உங்க பாஷையை நீங்க விட்டுடாதீங்கன்னு டீச்சர் சொல்றாங்க. அடுத்த மாசம் நான் கிளாஸுக்குப் போய் ஒரு தமிழ்க் கதை வாசிக்கணும்."

"உனக்கே எழுத்துக்கூட்டித்தானே படிக்க வரும்?"

"தமிழ் பேசினா வெயில்ல நிக்க வச்ச ஸ்கூல்ல படிச்சா வேற எப்படி வரும்? இப்ப தினம் ரெண்டு பக்கம் படிக்கிறேன். தடுமாறாம வாசிச்சுடுவேன், பாரு."

அப்படி வெயிலில் நிறுத்திய தலைமையாசிரியர்களில் நானும் ஒருவன். முப்பது வருடம், பிள்ளைகளுக்கு நல்லது செய்வதாகவே நம்பினேன். இன்று மன்னிப்புக் கேட்கலாம் என்றால், அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்கு நினைவில்லை.