ஓட்டியவன் பெயர்

மன்னாரில் ஒருவருக்கு வாகனம் ஓட்டப் பழக்குவதென்றால் முதலில் கழுதைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெளியூர்க்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கழுதை ஹோர்னுக்கு விலகாது. நடுறோட்டில் நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அதைச் சுற்றிப் போகலாம் என்று ஸ்ரேரிங்கை ஒடித்தீர்களென்றால் ஓரத்தில் நிற்கிற மனிதர்மேல் ஏறுவீர்கள். பிறேக்கைப் பிடிக்க வேண்டும், ஸ்ரேரிங்கை அசைக்கக் கூடாது. கழுதை செத்தால் சாகட்டும்.

நீங்கள் கதிரை தந்து மரியாதையாக இருக்கச் சொன்னீர்கள், ஐயா. அதற்கு நன்றி. உங்களுடைய பொலிஸ் அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். பிழை எங்கே என்று உடனே சொன்னால் உங்களுக்கு விளங்காது. கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

நான் பெனடிக்ற். கீரிக்குப் போகும் றோட்டில் சாரதி பயிற்சிப் பாடசாலை வைத்திருக்கிறேன். ஊரில் மாஸ்ரர் என்பார்கள். என் மனைவி றொஷேல் தோட்டவெளியில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தாள். ஸ்கூட்டியில் போய்வருவாள். போனில் அழைப்பு வந்தால் ஓட்டிக்கொண்டே எடுக்க மாட்டாள். றோட்டை விட்டு நன்றாக இறங்கி, ஸ்ரான்டைப் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் பேசுவாள். நான் சொல்லிக்கொடுத்தது அது. அன்று காலையிலும் ஒரு பிள்ளையின் தாய் அழைத்திருக்கிறாள். றொஷேல் மணலில் இறங்கி நின்று பேசியிருக்கிறாள். பேசாலைப் பக்கமிருந்து மீன் ஏற்றிவந்த சின்ன லொறி, நாங்கள் பட்டா என்று சொல்வோமே, கழுதைக்கு விலகி, றோட்டை விட்டு இறங்கி, அவளை இடித்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மீன் பெட்டிகள் உடைந்து ஐஸ் எல்லாம் மணலில் கிடந்தது. அம்புலன்ஸ் வந்திருக்கவில்லை. லொறியின் சொந்தக்காரர் மில்ரன் வந்திருந்தார். அவருடைய டிரைவர் றெனால்ட் தலையில் கைவைத்தபடி மணலில் குந்தியிருந்தான். "லொறியை நான்தான் ஓடினனான், மாஸ்ரர்" என்றான். நான் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்.

றொஷேல் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டாள்.

மில்ரனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கீரியில் மீன் வாங்கி விற்கிறவர், கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்கிறவர். அவருடைய மகள் நிறஞ்சலா அந்த நாட்களில் என்னிடம் வாகனம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். செத்தவீட்டுக்கு வந்து, சொந்தப் பிள்ளைகூட அப்படி அழாது, அவ்வளவு அழுதாள். பிறகு வகுப்புக்கு வரவில்லை. தகப்பனின் டிரைவர் செய்த வேலைக்கு அந்தப் பிள்ளை வெட்கப்படுகிறது என்று நினைத்தேன்.

லொறிக்குக் காப்புறுதி கொடுத்த கம்பனியின் கந்தோருக்குப் போனேன். அங்கே ஜெஸ்லியா என்று ஒரு பிள்ளை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக, என்னைப் புண்படுத்தாமல் பேசினாள். பணம் வரும், தாமதமில்லை, ஓட்டியவரிடம் லைசன்ஸ் இருந்தது, எல்லாம் ஒழுங்கு என்றாள்.

"லைசன்ஸ் இல்லாத ஆள் ஓடியிருந்தா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அப்பவும் உங்களுக்கு ஏதோ வரும், மாஸ்ரர். ஆனா கம்பனி அந்தக் காசை மில்ரன் ஐயாட்டத் திருப்பிக் கேக்கும். இதில அந்தப் பிரச்சினை இல்லை."

"இந்த றெனால்ட் முதலும் ஒராளை இடிச்சவன், பிள்ளை. சிலாவத்துறையில ஜுனைட் எண்டவருக்குக் கால் போனது."

"அது வேற வாகனம், மாஸ்ரர்."

"ஆள் ஒண்டுதானே?"

"காப்புறுதி வாகனத்துக்குத்தானே. ஆள் எங்கட பதிவில இல்லை."

அவள் பிழையாக எதுவும் சொல்லவில்லை. அதுதான் என்னை எரித்தது. ஜுனைட்டின் காலுக்கு ஒரு வாகனத்தின் காப்புறுதி பதில் சொல்லியிருக்கிறது. என் மனைவிக்கு இன்னொரு வாகனத்தின் காப்புறுதி பதில் சொல்கிறது. இரண்டு வாகனத்திலும் ஒரே கை. அந்தக் கை எங்கேயும் எழுதப்படவில்லை. பட்டாவின் முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்திப் புதுக் கண்ணாடி போட்டார்கள். அடுத்த வருடம் அந்த லொறிக்குக் கட்டணம் கூடும். லொறி தண்டனை அனுபவிக்கும். இரும்பு, றப்பர், டீசல், இவற்றின் தலையில் என் மனைவியின் சாவைக் கட்டிவிட்டு எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டார்கள்.

நீதிமன்றத்தில் றெனால்ட் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டப்பணம், கொஞ்சக் காலத்துக்கு லைசன்ஸ் நிறுத்தம். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றான்.

நான் கோபப்பட்டுக் கத்துகிற ஆள் இல்லை, ஐயா. யோசிக்கிற ஆள். வீதிப் பாதுகாப்புக் கூட்டம் ஒன்று நடந்தது. அங்கே எழும்பி ஒழுங்காகப் பேசினேன். காப்புறுதி ஓட்டுகிற ஆளுக்கு இருக்க வேண்டும் என்றேன். அவன் எந்த வாகனத்தில் ஏறினாலும் அது அவனோடு போகட்டும். ஒருமுறை இடித்தவன் கூடக் கட்டட்டும். திரும்ப இடித்தவனை எந்தக் கம்பனியும் எடுக்காது, அவன் எந்த வாகனத்திலும் ஏற முடியாது. கவனமாக ஓட்டுகிறவன் ஏன் அவனுக்காகக் கட்ட வேண்டும் என்று கேட்டேன்.

மில்ரன் கதிரையை விட்டு எழும்பாமலே பதில் சொன்னார். "மாஸ்ரர், உங்கட கவலை விளங்குது. ஆனா கூலிக்கு ஓடுற பெடியன் காப்புறுதி கட்ட எங்க போவான்? அவனால ஏலாட்டி காப்புறுதி இல்லாமத்தான் ஓடுவான். பிறகு இடிபட்ட ஆளுக்கு ஒண்டும் கிடைக்காது. வாகனத்துக்கு இருக்கிறதாலதான் உங்களுக்கே கிடைச்சது."

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கே கிடைத்ததாம். றொஷேலை ஒரு கொடுக்கல் வாங்கல் மாதிரி அவர் சொல்லி முடித்ததைக் கேட்டுக்கொண்டு அந்த மண்டபத்தில் நான் இருந்தேன்.  

லைசன்ஸ் நிறுத்தம் முடிந்ததும் றெனால்ட் திரும்ப வாகனம் ஓட்டத் தொடங்கினான். ஒரு நாள் தோட்டவெளி முன்பள்ளிக்கு, றொஷேலின் சாமான்கள் சில அங்கே இருந்தன, எடுக்கப் போனேன். வாசலில் பிள்ளைகளை ஏற்றிவரும் வான் வந்து நின்றது. அதை ஓட்டிவந்தவன் அவன். என்னைக் கண்டதும் இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குதித்து இறங்கின. எனக்குக் காலை வணக்கம் சொல்லின. அந்த வானுக்கும் காப்புறுதி இருந்திருக்கும். யாராவது ஒரு பிள்ளை செத்தால் அதற்கும் ஒரு ஜெஸ்லியா மெதுவாகப் பேசுவாள்.

சட்டம் செய்யாததை ஒருவர் செய்யத்தானே வேண்டும் என்று அன்றைக்கு முடிவுசெய்தேன். இது ஆத்திரத்தில் எடுத்த முடிவில்லை. நன்றாக நித்திரை கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து றெனால்ட்டுக்குப் போன் எடுத்தேன். பயிற்சிக் காருக்கு அடியில் ஏதோ சத்தம் கேட்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். ஒரு மாதிரித் திணறினான். பிறகு, "உங்களுக்கெண்டா எப்பவும் வாறன், மாஸ்ரர்" என்றான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் எழும்பி வந்திருக்கிறான். அதைப் பிறகு அவனுடைய தாய் சொன்னார்.

காரை எண்ணெய் ஜக்கால் தூக்கி வைத்திருந்தேன். அடியில் ஆள் போவதென்றால் ஜக்கை மட்டும் நம்பக் கூடாது, இரும்பு முட்டு வைக்க வேண்டும். என்னிடம் முட்டுகள் இருக்கின்றன. கொட்டிலுக்குள் இருந்தன. எடுக்கவில்லை.

அவன் குனிந்து பார்த்துவிட்டு, "முட்டு வைக்கேல்லையோ?" என்று கேட்டான்.

"ஒருக்காப் பார். பிறகு வைப்பம்."

அவன் முதுகை நிலத்தில் வைத்து ஊர்ந்து உள்ளே போனான். நெஞ்சுவரைக்கும் காருக்கு அடியில் போய்விட்டது. நான் ஜக்கின் பிடிக்குப் பக்கத்தில் குந்தினேன். வெயில் நல்ல வெளிச்சமாக இருந்தது. ஒருவன் செய்ததை அவன் வாயால் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு விருப்பம் இருந்தது. அதனால் கேட்டேன்.

"றெனால்ட், அண்டைக்குக் கழுதை எந்தப் பக்கத்தால வந்தது?"

 அடியில் அவன் அழுகிறான் என்று தெரிந்தது.

"மாஸ்ரர், என்னால இனி ஏலாது. நான் ஓடேல்லை."

"அப்ப ஆர் ஓடினது?"

"நிறஞ்சலாப் பிள்ளை. நான் பக்கத்தில இருந்தனான். கழுதையைக் கண்டவுடன பயந்து ஸ்ரேரிங்கை வெட்டிப்போட்டுது. நான் எட்டிப் பிடிக்கிறதுக்குள்ள..."

"லைசன்ஸ் இல்லாத பிள்ளையிட்ட ஏன் குடுத்தனீ?"

"மில்ரன் அண்ணைதான் குடுக்கச் சொன்னவர். நீங்கள்தானாம் சொன்னனீங்கள். பிள்ளைக்கு நல்லா வந்திட்டுது, இனிப் பெரிய றோட்டில விட்டாத்தான் பயம் தெளியும், விடியப் பேசாலைக்குப் போற லொறியில ஓடட்டும் எண்டு. பிறகு அண்ணை என்ர காலைப் பிடிக்காத குறை. பிள்ளையின்ர பேர் வந்தா அவளைப் பிடிச்சு மறியலில போடுவாங்கள், கம்பனியும் அண்ணையைப் பிடிக்கும். உனக்கு லைசன்ஸ் இருக்கு, நீ ஓடினதெண்டு சொல்லு, மாஸ்ரருக்கும் காசு சுணங்காமக் கிடைக்கும் எண்டார். உங்களுக்கும் நல்லது எண்டுதான் மாஸ்ரர் ஓமெண்டனான். உங்களைக் காணேக்க ஒவ்வொரு நாளும் செத்துக்கொண்டிருக்கிறன்."

 பக்கத்து வளவில் யாரோ வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதை வேற ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை மாஸ்ரர். அம்மாவுக்குக்கூடச் சொல்லேல்லை. கடவுளாணை."

அதன் பிறகுதான் பிடியைத் திருப்பினேன்.

கார் மெதுவாகத்தான் இறங்கியது. பழைய ஜக் அப்படித்தான். அவன் "மாஸ்ரர், ஜக் இறங்குது, மாஸ்ரர்" என்று எனக்குச் சொன்னான். நான் பிடியைத் திருப்பிய நிலையிலேயே வைத்திருந்தேன். அவனுடைய கால்கள் அடங்கியதும் எழும்பி, அயலவரைக் கூப்பிட்டேன். அம்புலன்ஸுக்கும் போன் எடுத்தேன்.

வந்தவர்கள் எல்லாரும் ஜக்கைத்தான் பார்த்தார்கள். உங்களுடைய ஆட்களும் அதைத்தான் தூக்கிப் பார்த்தார்கள், எண்ணெய் கசிந்திருக்கிறது என்றார்கள். ஜக் நழுவி நேர்ந்த விபத்து என்று நீங்கள் எழுதினீர்கள். செத்தவீட்டில் றெனால்ட்டின் தாய் மதலேனா அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மாஸ்ரர், நீங்கள் மனம் உடையாதேங்கோ. உங்களில ஒரு பிழையும் இல்லை. அந்த நாசமாப்போன ஜக்தான் என்ர பிள்ளையைத் திண்டது" என்று அழுதார். என்னை ஆறுதல்படுத்தினார்.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, ஐயா. திரும்பவும் இரும்பு. ஒரு மனிதன் செத்தால், செய்த ஆளை விட்டுவிட்டு, அவன் கையில் இருந்த சாமானைப் பிடித்து அடிக்கிற புத்தி. றொஷேலுக்கு லொறி, றெனால்ட்டுக்கு ஜக். இந்த ஊரில் மனிதர் ஒருவரும் எதுவும் செய்வதில்லையா? அந்த ஜக் நழுவவில்லை. அதில் கசிவும் இல்லை, எண்ணெய் நான் முந்திய நாள் ஊற்றியபோது சிந்தியது. நான் பிடியைத் திருப்பினேன். என் வலது கை. அறிக்கையில் அப்படி எழுதுங்கள், நான் கையெழுத்து வைக்கிறேன். நான் சொல்லிவருகிறபடி சட்டம் இருந்திருந்தால் இதற்குத் தேவை வந்திராது என்பதையும் எழுதுங்கள்.

றெனால்ட் சொன்னது பொய்யா உண்மையா என்று கேட்கிறீர்கள். நான் அதை ஆராயவில்லை. மணலில் குந்தியிருந்து என்னிடமும், நிலையத்தில் உங்களிடமும், பிறகு நீதவானிடமும் அவன்தான் ஓடினவன் என்று சொன்னான். ஒருவன் ஓட்டியவன் நான்தான் என்று வாயால் சொன்னால் அவன்தான் ஓட்டியவன். காருக்கு அடியில் கிடந்துகொண்டு அதை மாற்ற முடியாது. மில்ரனிடம் நான் அப்படி ஏதும் சொன்னேனா என்றும் கேட்கிறீர்கள். பழகுகிற எல்லாருடைய தாய் தகப்பனுக்கும் ஏதாவது சொல்வதுதான். எல்லாம் நினைவில் நிற்குமா?

நிறஞ்சலாவைக் கூப்பிட்டு விசாரிக்கத் தேவையில்லை. அவன் சொன்னதை உங்களிடம் மறைக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். அதை எழுத வேண்டாம். அவள் பொறுமையான பிள்ளை, கிளச்சும் கியரும் நன்றாக வந்துவிட்டது. அவளால் அப்படி நடந்திருக்காது. இத்தனை வருடமாகப் பழக்குகிறேன், ஐயா. என்னிடம் பழகிய ஒருவர்கூட இதுவரைக்கும் ஒருவரையும் இடித்ததில்லை.