வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்

மேடையில் வீற்றிருக்கும் நம் பேட்டைத் தலைவர் கப்பிதான் அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, காவல் நிலையத்திலிருந்து வந்திருக்கும் சார்ஜென்ட் அவர்களே, மனைவியை இழந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணன் நோங் அர்கெதெஸ் அவர்களே, சான் எலோய் பேட்டைப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் கனத்த இதயத்தோடு என் வணக்கம். கடைசி வரிசையில் சீட்டாடிக் கொண்டிருப்பவர்களே, உங்களுக்கும் வணக்கம். சாவுக்கு வந்த இடத்தில் சீட்டாடுவதை நம் தலைவி ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் சீட்டை இறக்கும்போது மேசையை ஓங்கித் தட்டியவரை எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறார். ஆகவே மெதுவாக ஆடுங்கள்.

நாம் எல்லோரும் அக்கா என்ற உரிமையோடு மனாங் என்று அழைத்த பெர்பெதுவா சல்மோரின். பேட்டையைக் காவல் காக்கும் நம் தானோத் படையின் தலைவி. இந்தப் பந்து மைதானக் கூரையின் கீழ் எத்தனை சண்டைகளை விலக்கினாரோ, இன்று அதே கூரையின் கீழ் பெட்டியில் அமைதியாகப் படுத்திருக்கிறார். அவருக்குத் துணைத் தலைவனாக இருந்தவன் என்ற உரிமையில், தியோதுலோ ஆகிய நான் பேச வந்திருக்கிறேன்.

காவல் என்றால் என்ன? துப்பாக்கியா? தானோத்துக்குத் துப்பாக்கி கிடையாது. ஒரு விசில், ஒரு தடி, மழைக்கு ஒரு கோட்டு. மனாங்கின் தடியை அவர் கணவர் மாங்காய் அடிக்க எடுத்துப் போனார். அது இன்னும் மரத்திலேயே தொங்குகிறது. சிரியுங்கள் நோங், மனாங்கும் சிரித்துக்கொண்டுதான் இதைச் சொல்வார். தடி இல்லாமலே அவர் இந்தப் பேட்டையைக் காத்தார்.

எப்படிக் காத்தார்? மீன் சந்தைத் தெருவில் ஒரு வீட்டில் பட்டப்பகலில் மைக்கில் கூடப் பாடும் பாட்டுப் பெட்டியை அலற விட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் பிரசவித்த பெண் படுத்திருந்தாள். மனாங் உள்ளே போனார், சண்டை போடவில்லை. மைக்கைக் கேட்டு வாங்கினார். கோவில் பாட்டைப் பாட ஆரம்பித்தார். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. அவர் குரல் இனிமையானது என்று சொல்லி, பாதிரியார் முன்னிலையில் பொய்ச்சாட்சி சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டுக்காரரே எழுந்து மின்சாரச் செருகியைப் பிடுங்கினார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. சேவல்கள் காணாமல் போன கதை. சம்பந்தப்பட்ட தம்பதியிடம் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன்.

நோங் ரொகாசியானோவை நாம் அறிவோம். பல காலம் கப்பல் எஞ்சின் அறையில் உழைத்து ஓய்வு பெற்று வந்தவர். வந்ததும் சண்டைச் சேவல் வளர்த்தார். அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சிவப்பன் என்று பெயரிட்ட பட்டத்துச் சேவலும் போயிற்று. அந்தச் சமயம் பார்த்து, மோட்டார் சைக்கிள் உதிரிபாகம் திருடிச் சிறைக்குப் போன ஜுன்ரெல் விடுதலையாகி வந்திருந்தான். திருடன் என்று பேர் எடுத்த ஒருவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது? ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஒரு கூட்டம் அரிவாள்களோடு அவனைத் துரத்தியது. அவன் ஓடி வந்து பேட்டை அலுவலகத்துக்குள் புகுந்தான்.

மனாங் அங்கே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு, கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். பக்கத்தில் நான். என் வாயில் விசில். நான் ஊதவில்லை, மூச்சு வாங்க வாங்க அது தானாகக் கீச்சிட்டது.

"தொலோ, அதை வாயிலேந்து எடு. கோழிக்குஞ்சு மாதிரி கத்துது," என்றார் மனாங்.

"மனாங், தள்ளுங்க. அவனை எங்ககிட்ட விடுங்க," என்றார் ரொகாசியானோ.

"முட்டி வலி நோங். உக்காந்தா எழுந்திருக்க நேரமாகும். என்ன விஷயம்?"

"அவன் சேவல் திருடன்."

"அப்போ புகார் குடுங்க நோங். அதை வாங்கத்தானே என்னை வச்சிருக்கு. எதுக்கு வளர்த்த சேவல்?"

ரொகாசியானோ அரிவாளைக் கை மாற்றிப் பிடித்தார்.

"முட்டை போடவா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"இல்ல, போன வாரம் ஐஸ் ஆலைக்குப் பின்னால ஒரு கூட்டம் நடந்துச்சே, அங்க கொண்டு போன சேவலா? இங்க இருக்கறவங்கள்ல யாரெல்லாம் அங்க இருந்தீங்க? வரிசையா வந்து சாட்சி சொல்லுங்க. சார்ஜென்ட் வந்துக்கிட்டே இருக்கார்."

அனுமதியில்லாத சேவல் சண்டைக்குச் சாட்சி சொல்ல யார் வருவார்? ஒருவருக்கு அடுப்பில் வைத்த சோறு நினைவுக்கு வந்தது. ஒருவருக்கு மாமியார் நினைவுக்கு வந்தார். வாசல் காலியாயிற்று.

ரொகாசியானோ மட்டும் போகவில்லை. அரிவாளோடு நின்றார். பிறகு சொன்னார்: "மனாங், சிவப்பன் என் கையிலதான் தின்னுவான். வீடு திரும்பினப்புறம் என்கிட்ட பேசுற ஒரே ஜீவன் அவன்தான்."

மனாங் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "வாங்க, உங்க வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்," என்று எழுந்தார். முட்டி வலி எங்கே போயிற்றோ தெரியாது. நானும் பின்னால் போனேன்.

வீட்டில் அவர் மனைவி எஸ்தெலித்தா அம்மையார் பப்பாளிக்காயும் முருங்கைக் கீரையும் போட்ட கோழி சூப் பரிமாறினார். மனாங் ஒரு துண்டை மென்றார். மென்றுகொண்டே இருந்தார். ரொகாசியானோ கை கழுவப் போன நேரத்தில் மெதுவாகக் கேட்டார்:

"எஸ்தெலித்தா, இது சிவப்பனா?"

அம்மையார் மறுக்கவில்லை. "கருப்பன் போன வாரம், மனாங். இந்த வாரம் சிவப்பன்."

"ஏன்டி?"

"கப்பலை விட்டு வந்தா எனக்குத்தான்னு காத்திருந்தேன். காலையில சேவலுக்கு எண்ணெய் தடவுறார். மத்தியானம் சேவலுக்கு மருந்து. என்னைப் பார்த்து சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டதில்லை."

"நீ சொல்லாம இருந்தா அந்த ஜுன்ரெலை நாளைக்கு வெட்டிப் போட்டுடுவாங்க. நீயே சொல்லு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

அம்மையார் சொன்னார். ரொகாசியானோ கரண்டியைக் கீழே வைத்தார். கிண்ணத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அரிவாள் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் நான் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். ஆபத்தான வேலை அது.

"மூணு தடவை ஜெயிச்சவன்," என்றார் ரொகாசியானோ. பிறகு கரண்டியை எடுத்தார். "வீணாக்கக் கூடாது. நீ சாப்பிட்டியா?"

அம்மையார் அழுதார். மீதி சூப்பை ரொகாசியானோவே அலுவலகத்துக்குத் தூக்கி வந்து, தன் கையால் ஜுன்ரெலுக்கு ஊற்றி மன்னிப்புக் கேட்டார். "யாருன்னு விசாரிக்காம குடி," என்றார் மனாங்.

ஜுன்ரெல் அன்றோடு திருந்திவிட்டான் என்று முடித்தால் நன்றாக இருக்கும். முடிக்க முடியவில்லை. அவன் வண்டிச் சத்தம் இன்னும் குழந்தைகளை எழுப்புகிறது. ஆனால் அவன் உயிரோடு இருக்கிறான். அதோ தூணருகே நிற்கிறான். இந்தப் பேட்டையில் அதன் பிறகு ஒருவரும் இன்னொருவர் மேல் அரிவாள் ஓங்கவில்லை. இதை விடப் பெரிய காவல் எது? இதற்கு மேல் எந்தப் பதக்கம் வேண்டும்?

ஆஸ்பத்திரியில் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். பேச்சு குழறியது. குனிந்து காதை வைத்தேன். ஜெபம் கேட்கிறாரோ, கணவரைக் கூப்பிடுகிறாரோ என்று நினைத்தேன்.

"தொலோ, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து வீட்டு நாயைக் கட்டலை. பள்ளிக்கூடப் பிள்ளைங்க சுத்தி சுத்திப் போகுதுங்க. போய்ச் சொல்லு."

போனேன். சொன்னேன். பார்க்கலாம் என்றார்கள். வீட்டுக்காரர் பெரிய மனிதர் என்பதால் நானும் தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். மனாங் திரும்பியிருக்க மாட்டார்.

அன்பர்களே, அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொல்வீர்கள். நானும் சொல்கிறேன். மலர்வளையத்தின் மேல் கைவைத்துச் சொல்லவில்லை. மேடையில் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்கிறேன். கப்பிதான் அவர்களே, நாளைக் காலை பள்ளி மணி அடிக்கும் முன் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவேன். நாய்ச் சங்கிலியை நானே கொண்டு வருகிறேன். நாற்காலியும்.