குரங்குக்காகச் சாத்திய ஜன்னல்

அம்பிட்டியவில் ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்கு வரும். போன மாதம் எங்கள் ஆய்வுகூடத்துக்குள் வந்து டொக்டர் ஷாமலாவின் சோற்றுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு போனது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சேர்.

நான் பதினாறு வயதில் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன். மழையில் நனையாமல் செய்த முதல் வேலை இதுதான். ஒரு பந்தயக் குதிரையின் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைப் பன்னிரண்டு சின்னக் குழாய்களில் உறைய வைத்திருந்தோம். அதன் கால் தசைநார் கிழிந்தால் அதன் செல்லையே அதற்கு ஊசியாகப் போடலாம். டாங்கியில் திரவ நைதரசன் வற்றாமல் கிழமைக்கு ஒரு தரம் ஊற்றுவது என் பொறுப்பு. ஆறு வருடத்தில் ஒரு தரம்தான் தவறியது. தெல்தெனியப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தேர். திரும்பி வந்து டாங்கிக்குள் அளவுக் குச்சியை விட்டுப் பார்த்தேன், பனி படியவில்லை, வற்றியிருந்தது. நிரப்பினேன். எல்லாம் மறுபடி உறைந்தன. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

கூட வேலை செய்த லோஜினி ஒரு குழாயை இளக்கிச் சாயம் விட்டுப் பார்த்தாள். செத்த செல் நீலமாகும்.

“காளிமுத்தண்ணே, எல்லாமே நீலம். தேர்க் கிழம ஊத்துனீங்களா?”

“ஊத்துனேன் தங்கச்சி.”

“தேருல ஊத்துனத கேக்கல. டாங்கிக்கு.” சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. “நாளைக்கு டொக்டர்கிட்ட சொல்லிருவேன். வேல போனாலும் போகட்டும்ண்ணே. செத்தத போட்டா அந்தக் குதிர நொண்டியாவே நிக்கும்.”

சரி என்றேன். போகுமுன் மிச்சக் குழாய்களை எண்ணிவிடச் சொன்னேன். டாங்கி இருப்பது ஒரு கட்டில்கூடப் போட முடியாத அறை. ஜன்னலைக் குரங்குக்காகச் சாத்தியிருந்தேன். காற்றாடி சத்தம் போட்டது, நிறுத்தினேன். வாசலோரம் இருந்த நைதரசன் பாத்திரம் என் கை பட்டுச் சாய்ந்தது. அந்த ஆவி அறையை நிறைத்தால் மூச்சு முட்டாதாம், தூக்கம் போல வருமாம். பயிற்சியில் லோஜினிதான் எங்களுக்குச் சொல்லித் தந்தாள். வெளித் தாழ்ப்பாளைப் போட்டதும் குரங்குக்காகத்தான்.

காலையில் கதவைத் திறந்ததும் நான்தான். பட்டியலில் ஏழு வரை குறித்திருந்தாள். மிச்சம் நாலை நான் எண்ணிக் குறித்தேன். வேலை பாதியில் நிற்கக் கூடாது.

போன கிழமை அந்தச் செல்லைக் குதிரைக்குப் போட்டார்கள். இன்னும் நொண்டுகிறது. மெல்லத்தான் குணமாகும்.

கதவு தட்டிய சத்தம் கேட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது. மூன்று தரம். குரங்கு என்றுதான் நினைத்தேன் சேர்.