தானாக எழும்பிய கோடு

கரண்ட் இப்போதைக்கு வராது. கிட்ட வந்து உட்காருங்கள். இது என் சிநேகிதன் இன்னாசிராஜுடைய அண்ணன் பிலோமின்ராஜுக்கு நடந்தது. எண்பத்து மூன்றாம் வருஷம், மழைக்காலம்.

ராத்திரி எட்டரை மணி. திருவெறும்பூர் தாண்டி, தஞ்சாவூர் ரோட்டிலிருந்து பிரியும் மண் பாதை. இரண்டு பக்கமும் கருவேலம். அதில் தனியாக சைக்கிள் மிதித்துப் போனார். பாதை முடிகிற இடத்தில் ஒரு சின்ன மருந்துக் கம்பெனி. குழந்தைகளுக்கு இருமல் சிரப் தயாரிப்பார்கள். அங்கே மருந்தைச் சோதிக்கிற லேப்பில் அவர் கெமிஸ்ட்.

சிரப்பில் கிளிசரின் சேரும். அதே கெட்டி, அதே தித்திப்பில் இன்னொரு திரவம் உண்டு... டைஎத்திலீன் கிளைக்கால். விஷம். சிறுநீரகத்தை அடித்துவிடும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அதற்குத்தான் 'ஸ்டாண்டர்டு'. சுத்தமான அந்த விஷத்தையே துளியூண்டு எடுத்து, ஆம்பியூல் என்கிற கண்ணாடிக் குப்பியில் அடைத்து அனுப்புவார்கள். அதை மெஷினில் செலுத்தினால், ஓடும் காகிதத்தில் பேனா ஓர் இடத்தில் மலை மாதிரிக் கோடு போடும். கிளிசரினும் அதே இடத்தில் மலை போட்டால், விஷம் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

போன மாதம் ஸ்டாண்டர்டு வரவில்லை. அந்தச் சோதனை இல்லாமலே சரக்கை அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம்தான் பம்பாயிலிருந்து பார்சல் வந்திருந்தது. விடிந்ததும் புது கிளிசரின் பீப்பாயை உடைக்க வேண்டும் என்பதால் அவரை வரச் சொல்லியிருந்தார்கள்.

லேப்பைத் திறந்து, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டார். ஆம்பியூலின் கழுத்தை உடைத்தார். டிக். ஊசியில் எடுத்துச் செலுத்தினார். மலை எழுந்தது. புது கிளிசரினைச் செலுத்தினார். கோடு சமமாகவே போனது. சுத்தம்.

அப்பாடா என்று கையைக் கழுவினார்.

முதுகுக்குப் பின்னால்... பேனா காகிதத்தில் கீறும் சத்தம்.

ஓடிவந்து பார்த்தார். ஊசி மேஜையில் கிடந்தது. எதையும் செலுத்தவில்லை. ஆனாலும் கோடு ஏறிக்கொண்டிருந்தது... ஸ்டாண்டர்டு போட்ட அதே இடத்தில்.

அப்போது அந்த வாடை வந்தது. சிரப்பில் போடுகிற ஆரஞ்சு எசன்ஸ். கூடவே, காய்ச்சல்காரப் பிள்ளையின் மூச்சு வாடை.

பிறகு இருமல். சின்னதாக, வறண்டு... அவருக்கு மிகப் பக்கத்தில்.

அவர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் நுனியை எதுவோ பிடித்து இழுத்தது. இடுப்புக்கும் கீழே.

அவர் திரும்பவில்லை. கழுத்து அசையவில்லை. மாதாவே, மாதாவே என்று வாய் முனகியது. கண் மட்டும் எதிர் அலமாரிக்குப் போனது. அனுப்பிய ஒவ்வொரு சரக்கிலும் ஒரு பாட்டிலை அங்கே வைத்திருப்பார்கள். போன மாதத்து பாட்டில்!

அதைக் கரைத்துச் செலுத்தினார். காத்திருந்தார். இருமல் நிற்கவில்லை. மலை எழுந்தது... காகிதத்தின் விளிம்பை இடித்துக்கொண்டு.

அந்த நொடியில் இருமல் நின்றது. கோட்டைப் பிடித்த பிடியும் விட்டது.

மேனேஜர் அழகர்சாமிக்கு போன் போட்டார்.

"இந்த நேரத்துலயா? காலைல பாத்துக்கலாம்ப்பா."

"சார், காலைல வரைக்கும் பிள்ளைங்க குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். நீங்க வரலைன்னா நான் போலீசுக்குப் போறேன்."

வந்தார். ராத்திரியோடு ராத்திரியாகத் துறையூர், ஜீயபுரம், ஸ்ரீரங்கம் என்று கடை கடையாகத் தட்டி எழுப்பி பாட்டில்களைத் திரும்ப வாங்கினார்கள். பெரும்பாலும் வந்துவிட்டன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றே பேசிக்கொண்டார்கள்.

ஒரு வாரம் கழித்து கம்பெனி கேட்டில் ஒருவர் நின்றார். பிச்சமுத்து. ஸ்ரீரங்கம் வடக்கு வாசலில் பூக்கட்டி விற்பவர். கையில் காலி பாட்டில்.

"என் பையன் உங்க மருந்துதாங்க குடிச்சான். போன வியாழக்கிழமை ராத்திரி போயிட்டான்."

அதே ராத்திரி. பிலோமின்ராஜ் லேப்பில் இருந்த ராத்திரி.

"கடைசியா ஒரே பினாத்தலுங்க. வெள்ளைக் கோட்டு மாமா ஒருத்தரு மெஷின் முன்னாடி நிக்கிறாராம். கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறாராம். அந்த ரூமுல அவன மாதிரியே வேற பிள்ளைங்களும் நிக்கிதுங்களாம்."

பிலோமின்ராஜ் கேட்டது ஒரே ஒரு பிள்ளையின் இருமல்தான். கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டார்.

"எத்தனை பிள்ளைங்கன்னு... சொன்னானா?"

இல்லை என்று பிச்சமுத்து தலையாட்டினார்.

"அவன் எண்ணிக்கிட்டே இருந்தான் சார்... எண்ணி முடிக்கல."