நிறுத்தம்மா வாங்கிய வண்டிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, ஆணையாளர் அவர்களே, தொழிற்சங்கத் தோழர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும், மறைந்த அம்மையாரின் கணவர் அவர்களே, அம்மையார் பெற்ற மகளே, காலை வேலையை முடித்துக்கொண்டு சீருடையைக்கூட மாற்றாமல் வந்து பின்வரிசைகளை நிறைத்திருக்கும் என் தூய்மைப் பணியாளர் சகோதரிகளே, சகோதரர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. நான் வாகனப் பணிமனையின் மேற்பார்வையாளன். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திக் குரல் கெட்டுப்போனவன். இந்த மண்டபத்தில் நாம் எத்தனை இரங்கல் கூட்டங்களுக்கு வந்துவிட்டோம்! இங்கே நாற்காலி போடுகிறவருக்கு நம் முகங்களெல்லாம் மனப்பாடம். இந்த முறை என்னைப் பேசச் சொன்னபோது, "வேற யாரையாவது கூப்பிடுங்கப்பா, முடியல" என்றுதான் சொன்னேன். சங்கச் செயலாளர் விடவில்லை. "அண்ணே, அவங்க கூடவே இருந்தது நீங்க. நீங்க பேசலன்னா வேற யாரு பேசுவா?" என்றார். அதனால் வந்து நிற்கிறேன். களைப்போடுதான் நிற்கிறேன்.

நம் கொள்முதல் பிரிவுத் தலைவர், ஓயாத உழைப்பாளி, நாமெல்லாம் நிறுத்தம்மா என்று அழைத்த அந்தப் பெருந்தகை இன்று நம்மிடையே இல்லை.

கொள்முதல் என்றால் என்ன? பொருள் வாங்குவது. பொருள் வாங்குவதில் என்ன பெரிய சேவை இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நாமெல்லாம் கடைக்குப் போனால் காய்கறியை அமுக்கிப் பார்த்து வாங்குகிறோம். செருப்பென்றால் காலில் மாட்டி நாலடி நடந்து பார்க்கிறோம். அலுவலகத்தில் அப்படியா வாங்குகிறோம்? கம்பெனிக்காரர் தந்த படத்தைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம், ஒப்பம் போடுகிறோம். வாங்குகிறவர் ஒருவர், கையில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறவர் இன்னொருவர். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் எவ்வளவு தூரம்! அந்தத் தூரத்தை மாடிக்கும் தெருவுக்குமாக நடந்தே தீர்த்தவர் நம் அம்மையார்.

நிறுத்தம்மா என்ற பெயர் எப்படி வந்தது? பழையவர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்.

அவர் இந்தப் பதவிக்கு வந்த புதிதில், குப்பை பிரிக்கும் கொட்டகைக்குப் போனார். அங்கே ஒருவர் கையிலும் கையுறை இல்லை. எல்லோர் இடுப்பிலும் செருகியிருந்தது.

"ஏம்மா, கொடுத்ததை யாருமே போடலியா?" என்று கேட்டார்.

ஓர் அம்மா கையுறையை மாட்டிக் காட்டினார். விரல்களுக்கு அப்பால் பாதிக் கையுறை தொங்கியது. "இதுக்குள்ள என் கையும் போகும், என் வீட்டுக்காரர் கையும் போகும். குப்பையை எங்கம்மா புடிக்கிறது?"

கொட்டகையே சிரித்தது. அம்மையாரும் சிரித்தார். சிரித்துவிட்டு நேரே கிடங்கு வாசலுக்குப் போனார். அதே அளவில் அடுத்த சரக்கு லாரியில் வந்து நின்றுகொண்டிருந்தது. "நிறுத்துங்க. இறக்காதீங்க" என்றார். லாரி அப்படியே திரும்பிப் போனது. சின்னக் கைகளுக்கும் பெரிய கைகளுக்கும் தனித்தனி அளவில் புதிய கையுறை வரும் வரைக்கும், "இருந்ததையும் நிறுத்திட்டாங்க அந்தம்மா" என்று எல்லோரும் புலம்பினார்கள். புலம்பலில் பிறந்த பெயர்தான் நிறுத்தம்மா. பிறகு அது மரியாதையாக மாறியது.

மழைக்கோட்டு விற்க வந்தவரை மறக்க முடியுமா? பளபளவென்று ஒரு கோட்டை மேசைமேல் விரித்து வைத்தார். அம்மையார் அதை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, வாயில் காவலரிடம், "ஒரு வாளி தண்ணி என் தலைமேல ஊத்துங்க" என்றார். காவலர் பதறிப்போனார். கம்பெனிக்காரர் அதைவிடப் பதறினார். "மேடம், இது மழைக்குத்தான், வாளித் தண்ணிக்கு இல்ல!"

தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. கம்பெனிக்காரர் முகத்தில் உயிர் வந்தது. ஆனால் அம்மையார் கோட்டைக் கழற்றவில்லை. அதோடேயே மாடிக்கும் கீழுக்கும் வேலை பார்த்துவிட்டு மதியம் கழற்றினார். உள்ளே சேலை வேர்வையில் பிழிந்தெடுத்த மாதிரி இருந்தது. "வெளியில நனையல, உள்ள நனைஞ்சுட்டேன். முதுகுல காத்து போற மாதிரி தைச்சுக் கொண்டாங்க" என்றார். தையற்கடைக்காரரின் மனைவி அல்லவா! எங்கே திறப்பு வைக்க வேண்டும் என்று துணியிலேயே வரைந்து கொடுத்தார்.

அன்பர்களே, சிரிக்கும்படி சொன்னது போதும். இனி அந்த வண்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் பழைய குப்பை வண்டிகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்ட காலம் அது. தெருமுனைகளில் குப்பை மலைபோல் கிடந்தது. புதிய கம்பாக்டர் வண்டிகள் வாங்குவது என்று முடிவானது. குப்பையைப் பின்பக்கத் தொட்டியில் கொட்டினால், மேலிருந்து ஓர் இரும்புத் தகடு இறங்கி அதை உள்ளே அமுக்கித் தள்ளும். விலை படிந்துவிட்டது. படம் பார்த்தாகிவிட்டது. அம்மையாரின் ஒப்பம் மட்டும்தான் பாக்கி. அவர், "வண்டியைக் கொண்டாங்க, பாக்கணும்" என்றார்.

வண்டி எங்கள் பணிமனை முற்றத்துக்கு வந்தது. அப்போதிருந்த ஆணையாளர் வந்தார். பணியாளர்களும் சுற்றி நின்றார்கள். கம்பெனிக்காரர் வலப்பக்கம் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். அம்மையார் ஒரு பழைய விளக்குமாற்றுக் கம்பைத் தொட்டிக்குள் நீட்டிப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னதும் நிறுத்துங்க" என்றார். தகடு இறங்கியது.

"நிறுத்துங்க!"

நிறுத்தும் பொத்தான் இடப்பக்கம் மட்டுமே இருந்தது. கம்பெனிக்காரர் வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் கம்பு மடக்கென்று முறிந்தது. அந்தச் சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது.

"மேடம், தொழிலாளிங்க இடது பக்கம்தான் நிக்கணும். எங்க கையேட்டுலயே அப்படித்தான் போட்டிருக்கு" என்றார் கம்பெனிக்காரர்.

"எங்க தெருவுல ரெண்டு பக்கமும் நின்னுதான் கொட்டுவாங்க. ரெண்டு பக்கமும் பொத்தான் வச்சுக் கொண்டாங்க."

ஆணையாளருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு பொத்தானுக்காக மறுபடியும் டெண்டரா? ஊரே நாறுதும்மா!"

அம்மையார் முறிந்த கம்பைக் கீழே போட்டார். "நாறுதுதான் சார். நாத்தத்தைக் கழுவிடலாம். கை போச்சுன்னா எதை வச்சுக் கழுவுறது?" என்றார்.

ஒப்பமிட மறுத்தார். கொள்முதல் தள்ளிப்போனது. வாரங்கள் மாதங்களாயின. அந்த மாதங்களை யார் சுமந்தார்கள்? நீங்கள்தான் சுமந்தீர்கள்! திறந்த டிராக்டர்களில் கையால் அள்ளி, கூடையால் தூக்கி, தோளால் சுமந்தீர்கள். உங்களுக்குக் கோபம் வந்ததில் என்ன தவறு? ஒருநாள் நீங்களே திரண்டு மாடியேறி அவர் அறைக்குப் போனீர்கள். உங்களில் ஒருவர், மேஸ்திரி அக்கா, இதோ எதிரில்தான் இருக்கிறார், மேசையைத் தட்டிக் கேட்டார்.

"நீங்க ஃபேன் காத்துல உக்காந்து நல்ல வண்டி தேடுறீங்க. எங்க இடுப்பு ஒடியுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

அம்மையார் எழுந்து நின்றார். "நீங்க சொல்றது நியாயம்தான்" என்றார். யாருக்காகப் பிடிவாதம் பிடிக்கிறாரோ அவர்களே வந்து கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதும் சரி. இவர் பிடிப்பதும் சரி. இரண்டு சரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர் எங்கே போவார்?

என்னிடம்தான் வந்தார். "தம்பி, கிடக்கிற பழசுல ஒண்ணையாவது ஓட்ட வைக்க முடியுமா?"

"முடியாதுக்கா. எல்லாம் கட்டைல போற வண்டி."

"ஒண்ணோட கையைக் கழட்டி இன்னொண்ணுக்கு மாட்டு."

மாட்டினோம். செத்த வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துச் சில வண்டிகளை எழுப்பினோம். இருமிக்கொண்டே ஓடின. ஆனாலும் ஓடின.

அந்த நாட்களில்தான் யாரோ அவர் வீட்டு வாசலில் குப்பையைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். அவர் கணவர் அண்மையில்தான் என்னிடம் சொன்னார். "காலையில கதவைத் திறந்து பாத்தா. ‘கொட்டுறதுதான் கொட்டுனாங்க, மக்குறதையும் மக்காததையும் பிரிச்சுக் கொட்டியிருக்கக் கூடாதா’ன்னு சிரிச்சா. அப்புறம் உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டா. ரொம்ப நேரம் வெளிய வரல." அந்தச் சிரிப்பு நமக்குத் தெரியும். சாத்திய கதவு தெரியுமா நமக்கு?

கடைசியில் இருபுறமும் பொத்தான் வைத்த வண்டிகள் வந்தன. தொட்டியின் விளிம்பையும் தாழ்த்தி வாங்கியிருந்தார். தோளுக்கு மேலே தூக்க வேண்டிய கூடையை இடுப்பளவில் சாய்த்துக் கொட்ட முடிந்தது. தொடக்க விழாவில் அவரை மேடைக்கு யாரும் அழைக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. மேடையில் பேச்சு நடந்துகொண்டிருக்க, இவர் பின்னால் போய் ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடியசைத்தார்கள், முதல் வண்டி நகரவில்லை! அந்தப் பொத்தான் அமுங்கியிருந்தால் வண்டியும் கிளம்பாது; அமுக்கிப் பார்த்தவர் விடுவிக்க மறந்துவிட்டார். நான்தான் ஓடிப்போய் விடுவித்தேன். "வேலை செய்யுது தம்பி" என்றார். அத்தனை மாதங்களில் அவர் முகம் தெளிந்து நான் பார்த்தது அப்போதுதான்.

பிறகு ஒரு மழைநாளில் சந்தைத் தெருவில், நம் சகோதரி ஒருவரின் கை, நனைந்த சாக்கோடு சேர்ந்து தொட்டிக்குள் இழுபட்டது. அவர் வலப்பக்கம் நின்றிருந்தார். அவருக்கு அருகில் நின்ற கூட்டாளி பொத்தானில் அறைந்தார். தகடு நின்றது. இருவரும் இந்த மண்டபத்தில் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். கை இருக்கிறது. இரண்டு விரல்கள் இல்லை.

மருத்துவமனைக்கு அம்மையாரோடு நானும் போயிருந்தேன். கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்த சகோதரிதான் இவருக்கு ஆறுதல் சொன்னார். "அழாதீங்கம்மா. கை இருக்குல்ல? என் பொண்ணுக்கு இந்தக் கையாலயே தலை பின்னுவேன் பாருங்க."

வெளியே வந்தோம். அலுவலகத்திலிருந்து ஆளாளுக்குப் போன் செய்து, நீங்கள் அன்று அப்படி நின்றதால்தான் கை தப்பியது என்று பாராட்டினார்கள். அவர் போனை அணைத்துவிட்டார். "விரல் போயிருக்கு தம்பி. இதுல என்னைப் பாராட்ட என்ன இருக்கு? பொத்தானை ஒருத்தர் தேடி அமுக்கணும்னு இருக்கிறதே தப்பு. உடம்பு பட்டாலே நிக்கணும்" என்றார். அதற்குப் பிறகு வாங்கிய வண்டிகளில் எல்லாம் தொட்டியின் குறுக்கே ஒரு கம்பி இருக்கிறதே, இடுப்பு பட்டவுடன் தகடு நின்றுவிடுகிறதே, அது அந்த மருத்துவமனை வாசலில் பிறந்தது. பழைய வண்டிகளிலும் அதைப் பொருத்தும் வரை என்னை அவர் தூங்கவிடவில்லை.

நண்பர்களே, நல்லது செய்கிறவர்கள் சலிப்பதே இல்லை என்று இம்மாதிரி கூட்டங்களில் சொல்வார்கள். அவர் சலித்தார். நான் பார்த்தேன். கடைசியில் அவரைக் கொண்டுபோன அந்த நோய் வந்த பிறகு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவார். "வெறுத்துப்போச்சு தம்பி. ஒவ்வொரு பொருளுக்கும் முதல்லேருந்து சண்டை. போன தடவை சொன்னது இந்தத் தடவை யாருக்கும் ஞாபகம் இல்ல" என்பார். பிறகு கைப்பிடியைப் பிடித்து எழுந்து மீதிப் படிகளை ஏறுவார். சலிக்காதவரை விட, சலித்தும் ஏறியவர் அல்லவா பெரியவர்!

அவர் முடிக்காமல் விட்டுச் சென்ற வேலை ஒன்று இருக்கிறது. குப்பை பிரிக்கும் கொட்டகைக்கு ஓடும் பெல்ட் வாங்கப் போகிறோம். குப்பை பெல்ட்டில் நகர்ந்து வர, இருபக்கமும் நின்று பிரிக்க வேண்டும். அதன் உயரம் யாருடைய உயரம்? நாளெல்லாம் குனிந்து நிற்கப்போவது யாருடைய முதுகு? படத்தைப் பார்த்து முடித்துவிடலாம், அவசரம் என்று பேச்சு அடிபடுகிறது. தலைவர் அவர்களே, இரங்கல் மேடையில் கோரிக்கை வைக்கக் கூடாது என்பார்கள். மன்னியுங்கள், வைக்கிறேன். அந்த இயந்திரம் முதலில் இங்கே வர வேண்டும். கொட்டகைச் சகோதரிகள் அதன் முன்னால் ஒரு முழுநாள் நின்று பார்க்க வேண்டும். அவர்கள் சரி என்ற பிறகே வாங்க வேண்டும்.

தலைவர் தலையசைத்துவிட்டார். எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா? நன்றி, ஐயா. நானும் பார்த்துக்கொண்டேன்.

அம்மையாரின் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. வரும் வரையில், வாங்கும் பொருளைச் சோதித்துப் பார்க்கும் குழுவில் நான் உட்காருகிறேன். வந்த பிறகும் போக மாட்டேன். எனக்கு அவருடைய பொறுமை கிடையாது, சீக்கிரம் கத்திவிடுவேன். ஆனாலும் உங்கள் கைபடாத எந்தப் பொருளும் இனி இந்தக் கிடங்குக்குள் வராது. இது அவருடைய கணவர் முன்னிலையில், மகள் முன்னிலையில் நான் கொடுக்கும் வாக்கு. இதை நான் ஒருவனாக நிறைவேற்ற முடியாது. கூப்பிடும்போது நீங்களும் முற்றத்துக்கு வர வேண்டும். வேலை முடிந்த களைப்போடுதான் வரவேண்டியிருக்கும். வாருங்கள்.

இப்போது அம்மையாருக்காகச் சிறிது நேரம் மௌனம் காப்போம். வழக்கமாக எழுந்து நிற்கச் சொல்வார்கள். வேண்டாம். விடிந்ததிலிருந்து நின்றபடியே வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அவர் இருந்தால் உங்களை நிற்கவிட மாட்டார்.

உட்கார்ந்தே இருங்கள்.