பேப்பர் பொய், புண்ணு நிஜம்

— புண்ணு ஆறி ஒரு வாரம் ஆச்சு. இன்னும் தொடை வரைக்கும் சுரீர்னு இழுக்குது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, கால நீட்டிக்கிறேன்.

— ஆஸ்பத்திரி பெஞ்சு இது, உங்கப்பன் வீட்டுக் கட்டில் இல்ல. டாக்டரம்மா என்ன சொன்னாங்க, அத மொதல்ல சொல்லு.

— புண்ணத் தொடச்சு எடுத்தாங்களே, அதுல ஹெர்ப்பீஸ் இல்லையாம், அதான் படுக்கையில ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டுற அந்த நோய். ரத்தத்துலயும் இல்லையாம்.

— இல்லையா? என் ரெண்டு கண்ணால பாத்தேன். கொத்துக் கொத்தா, தண்ணி கோத்துக்கிட்டு!

— டாக்டரம்மாவும் அதத்தான் சொல்றாங்க. பாத்தா அது மாதிரிதான் இருக்கு, டெஸ்ட்டுலதான் தெரியலன்னு. தண்ணி கோத்திருக்கும்போதே வந்திருக்கணுமாம். எனக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு. ஆறு நாள் கம்பெனியில பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னே இஸ்திரி போட்டேன். காட்ட வரும்போது காஞ்சு பொருக்குத் தட்டிடுச்சு. ரத்தத்துல தெரிய மூணு மாசம்கூட ஆகுமாம்.

— பாத்தியா! பேப்பர் பொய் சொல்லும், புண்ணு சொல்லுமா? கேட்டுக்கோ, உன் கம்பெனி வேன் ஓட்டுற அந்த வேன்காரன் தெனமும் ஒன்ன மட்டும் கடைசியா எறக்கிவிடும்போதே எனக்குத் தெரியும்.

— நம்ம வீடு கடைசித் தெரு. கடைசியாத்தான் எறக்குவாரு. சரி, அப்படியே வெச்சுக்குவோம். உங்க பேப்பர் எங்க?

— எனக்கு எதுக்கு? ஒரு புண்ணு உண்டா, சொறி உண்டா?

— நாலா மடிச்சு சட்டப் பையில வெச்சிருக்கீங்களே, அதக் குடுங்க.

— கேட்டுக்கோ, லேபுல ஆள் மாறியிருக்கும்...

— குடுங்கன்னேன். ... உங்களுக்கு இருக்குன்னுல்ல போட்டிருக்கு, பாசிட்டிவ்னு.

— ரத்த டெஸ்ட்டு சில சமயம் தப்பாவும் காட்டுமாம். இன்னொரு தடவ எடுக்கணும்னு அவங்களே சொன்னாங்க. எனக்குத்தான் புண்ணே இல்லையே!

— சரி, அப்படியே வெச்சுக்குவோம். எனக்குப் புண்ணு இருந்துச்சு, பேப்பர் இல்லங்குது, அது பொய். உங்களுக்குப் புண்ணு இல்ல, பேப்பர் இருக்குங்குது, அதுவும் பொய். நல்லாருக்கு உங்க நியாயம். எப்படிச் சுத்தினாலும் என் தலையிலதான் விடியுது.

— நான் ஒழுங்கானவன்.

— கல்யாணமான புதுசுல மூணு நாள் கால அகட்டிக்கிட்டு வாத்து மாதிரி நடந்தீங்களே, அது?

— அது ஒலைச் சூடு. வார்ப்புப் பட்டறையில இரும்பு காய்ச்சுற எல்லாருக்கும் வரும். வேஸ்லின் தடவுனா போயிடும்.

— பட்டறைய மூடிப்போட்டு ரெண்டு மாசம் வீட்ல கெடந்தீங்களே, அப்பவும் வந்துச்சே. எந்த ஒலைச் சூடு அது? டாக்டரம்மா கேட்டப்போ சொன்னீங்களா?

— சூட்டுக் கொப்புளத்தையெல்லாம் எவன் டாக்டர்கிட்ட சொல்லுவான்? பட்டறையில பாதிப் பேருக்கு இருக்கு.

— அப்ப அந்தப் பாதிப் பேரு பொண்டாட்டியும் வேன்லதான் போறாங்களா?

— ... கல்யாணத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ. பட்டறைப் பசங்களோட சேந்து ஒரு பொம்பளகிட்டப் போனேன்.

— அத நான் கேக்கல. எப்ப வந்துச்சு, யார்கிட்டேருந்து யாருக்கு வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாதாம். டாக்டரம்மாவே கைய விரிச்சுட்டாங்க.

— அப்புறம் என்ன, விடு. நமக்குள்ள போகட்டும். வா, வீட்டுக்குப் போவோம்.

— நமக்குள்ளயா? வேன்காரர் வாசல்ல நின்னு, தெருவே கேக்க, ‘எம் பொண்டாட்டிக்கு நோயக் குடுத்தவன்’னு கத்துனது யாரு? எந்த டெஸ்ட்டு எடுத்தாலும் பேப்பர் பொய்தான் சொல்லும்னு கத்துனது யாரு?

— கோவத்துல நாலு வார்த்த...

— மனுஷன் மறுநாளே போயி ரத்தம் குடுத்தாரு. ஒண்ணுமில்லன்னு வந்துச்சு. அந்தப் பேப்பர அவரு பொண்டாட்டி கையால தொடக்கூட இல்லையாம். ‘பேப்பர் பொய் சொல்லும்’னு நீங்க சொன்னதையே சொல்லிட்டு, பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. வேன்ல எல்லாரும் பேசிக்கிட்டாங்க.

— இப்ப நான் போயி என்னத்தச் சொல்ல?

— கால அகட்டி நடந்த கதையச் சொல்லுங்க. அந்தம்மா எங்க இருக்குதோ அங்க போயி, அன்னைக்குக் கத்துன அதே சத்தத்துல. அந்தக் குடும்பத்துக்கு நீங்க பாக்கி வெச்சிருக்கறது அதுதான்.