ஆறாங்கிளாஸ் சர்டிபிகேட்டு

...இல்ல தம்பி, நான் கேக்குறேன், பந்த வீசி வீசிப் புடிச்சா டாக்டரு ஆய்டுவாங்களா? நீயே சொல்லு. கைல வெள்ளக் கோட்டு வச்சிகினு கீற, உனக்குத் தெரியாததா? அஸ்தினாபுரத்துல, சர்ச்சுக்குப் பின்னாடி ஒரு ஹாலு. நாப்பது புள்ளைங்கள வட்டமா குந்த வச்சி நடுவுல ஒரு மஞ்சப் பந்து. பந்து யாரு கைக்கு வருதோ அவுங்க எந்திரிச்சி கனவச் சொல்லணுமாம். கனவு! ஞாயித்துக்கெழம சவாரிய வுட்டுட்டு நான் ஜன்னல் ஓரமா நின்னு அத்தப் பாத்துகினு இருந்தேன்.

தோ, நின்னுட்டாங்க. மெப்ஸ் சிக்னல்ல மாட்னா அவ்ளோதான். குரோம்பேட்ட ஆஸ்பத்திரிதானே? வுட்டுர்றேன், நீ பேஜாராவாத.

இன்னா சொல்லிகினு இருந்தேன்? ஆங், மெண்டரு. அப்டித்தான் பேரு வச்சிகினு கீறாங்க. உன்ன மாரி டாக்டருக்குப் படிக்கிறதுங்க, அப்பால பூச்சி, ரத்தம்னு லேபுல படிக்கிறதுங்க, ஒரு பத்து பன்னெண்டு பேரு. கவர்மென்ட் ஸ்கூலு புள்ளைங்களுக்கு வழி காட்டுறாங்களாம். காசு வாங்க மாட்டாங்களாம். வாங்குனாலாச்சும் சட்டையப் புடிச்சிக் கேக்கலாம். சும்மா சொல்லிக் குடுக்கிறவங்கள இன்னான்னு கேப்ப?

ஜெபகுமாருன்னு ஒருத்தன். வாராவாரம் பிளாஸ்டிக்குல இதயம் ஒண்ணு எட்த்துனு வருவான். கழட்டுவான், மாட்டுவான். ஒரு நாளு எல்லாத்தயும் மாட்டி முடிச்சிட்டு பாக்குறான், கைல ஒரு பீஸு மிச்சம்! எங்கேந்து வந்துச்சுன்னு அவனுக்கே தெரியல. பைல போட்டுகினு பூட்டான். நாளைக்கி நம்மளத் தொறக்கப் போறவனுங்க தம்பி இவனுங்க... உன்னச் சொல்லல. நீ பாக்க வெவரமா கீற.

என் பொண்ணு மஹாலட்சுமிக்கு வாச்சது ஸஹானான்னு ஒரு பொண்ணு. ரெண்டாவது வருஷம் எம்பிபிஎஸ்ஸு. வாயத் தொறந்தா அங்கிள். "அங்கிள், மஹா எட்டு மணி நேரம் தூங்கணும் அங்கிள்." "அங்கிள், டிவி சவுண்ட கொறைங்க அங்கிள்." என் வூட்டுல குந்திகினு என் டிவிய! சரி, சொல்லிக் குடுக்க வந்தவ சொல்லித்தானே குடுக்கணும்? கையக் கட்டிகினு குந்திப்பா. "மஹா, கிட்னி எப்டி வேல செய்யுது, நீ எனக்குச் சொல்லிக் குடு"ன்னுவா. கேட்டியா கதைய? டாக்டருக்குப் படிக்கிறவளுக்கு ஆட்டோக்காரன் பொண்ணு கிட்னி சொல்லிக் குடுக்கணுமாம். தப்பா சொன்னா திட்டவும் மாட்டா. "அய்யோ, எனக்குப் புரியலயே மஹா"ன்னு மூஞ்ச வச்சிப்பா. இது உடனே திரும்பப் படிக்கும். நைட்டெல்லாம் பீரோவுக்குக் கிட்னி சொல்லிக் குடுத்துகினு இருக்கும்.

மார்க்கா? மார்க்கு வந்துச்சு. நல்ல மார்க்குதான். அது என் பொண்ணு மண்ட. இவங்க பந்துக்கு வந்த மார்க்கு இல்ல.

...வுடு, அடிக்கட்டும். அதேதான், ஸஹானாதான். காத்தாலேந்து நாலு தபா. வண்டி ஓட்டும்போது ஃபோன் எடுக்கக் கூடாது தம்பி, சட்டம். ...நிக்கிதுதான். நின்னா இன்னா, இஞ்சினு ஓடிகினுதானே கீது?

அந்தப் பொண்ணுக்குப் படிப்ப வுட பேப்பருதான் முக்கியம். கவர்மென்ட் ஸ்கூலு புள்ளைங்களுக்குன்னு ஏழர பர்சன்ட்டு சீட்டு தனியா வச்சிக்கீறாங்கல்ல? அதுக்கு ஆறாவதுலேந்து பன்னெண்டாவது வரிக்கும் அங்கயேதான் படிச்சிருக்கணும். வருஷத்துக்கு வருஷம் ஹெச்செம் கையெழுத்து போட்டுக் குடுக்கணும். அதுக்கு இவ ஒரு நோட்டு போட்டா பாரு, தாசில்தாரு தோத்தாரு! பேரு, கிளாஸு, பேப்பர வாங்கிட்டா ஒரு டிக்கு. மஹாவுக்கு ஏழாவதுலேந்து பன்னெண்டாவது வரிக்கும் வரிசையா டிக்கு. "அங்கிள், ஆறாவது?" தரேம்மா. அடுத்த வாரம், "அங்கிள், ஆறாவது?" அட, தரேன்னு சொன்னேன்ல! ரெண்டு மாசம் தம்பி. ஆறாவது, ஆறாவது, ஆறாவது.

இப்ப அத்தயும் தொலச்சிட்டா. ஆமா, அவதான். போன ஞாயித்துக்கெழம எல்லாரு முன்னாடியும் நிக்க வச்சிக் கேட்டேன். உன் கைலதானம்மா குடுத்தேன், நீ கூட சமோசா குடுத்துகினு இருந்தியே, எண்ணக் கையோட வாங்கி எங்கயோ சொருகினியே? நோட்டுல டிக்கு இல்லியே அங்கிள்னா. டிக்கு போட கை வேணுமில்ல, கைலதான் சமோசா இருந்துச்சேன்னேன். அவ்ளோதான். கண்ணுல தண்ணி. ஹாலு பூரா பாய தூக்கிப் பாத்தா, குப்பக் கூடைய கவுத்துப் பாத்தா, கடசில எங்கிட்ட வந்து "சாரி அங்கிள், என் தப்புதான்"னா. நம்பிட்டா! பெரிய வூட்டுப் பொண்ணு பாரு. அதும் மூஞ்சிக்கு நேரா யாரும் பொய் சொல்லிப் பழக்கமில்ல...

இன்னா தம்பி, கண்ணாடில அப்டிப் பாக்குற? பொய்யின்னு யாரு சொன்னா? சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

...சரி, போ. உங்கிட்ட இன்னா. நீ ஆஸ்பத்திரில எறங்குனா எம் மூஞ்சி மறந்துரும்.

நான் ஸ்கூலு சவாரி ஓட்டினு இருந்தேன் அப்போ. இங்கிலீஷ் மீடியம் ஒண்ணு, பேரு வாணாம். எட்டு புள்ளைங்க. டை கட்டிகினு, ஷூ போட்டுகினு, பின்னாடி சீட்டுல டீச்சருங்களக் கிண்டலடிச்சிகினு வரும். அதுங்கள அங்க வுடற வழிலயே மஹா படிக்கிற கவர்மென்ட் ஸ்கூலு. ஒரு நாளு மழ. இது ஸ்கூலு பையத் தலைல வச்சிகினு நடந்து போவுது. வண்டில எடமில்ல. அதுங்க எட்டும் நனையாம குந்திகினு கீது, என் பொண்ணு நனையுது. என் வண்டி தம்பி! அந்த வருஷமே ஆறாவதுல அந்த ஸ்கூல்ல சேத்துட்டேன். டை நானே கட்டி வுட்டேன். எனக்குப் பக்கத்துல, முன்னாடி சீட்டுல, ராணி மாரி குந்திகினு வரும். ஒரே வருஷம். அதுக்கு மேல முடியல, ஏழாவதுக்குத் திரும்ப இங்கயே இட்டுனு வந்துட்டேன்.

யாருக்குத் தெரியும், அந்த ஒரு டை இப்டிக் கழுத்தப் புடிக்கும்னு?

மொத நாளே கேட்டா அந்த ஸஹானா. "ஆறாவதுலேந்து கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சவங்க கை தூக்குங்க." மஹா திரும்பி ஜன்னலப் பாத்துச்சு. நான் தூக்குன்னு கண்ணக் காட்டுனேன். தூக்காட்டி வெளிய அனுப்பிடுவாங்கன்னு நெனச்சேன். அது தூக்குன அப்பறம் சொல்றா, "தூக்காதவங்களும் இருங்க, உங்களுக்கு வேற வழி கீது, அத்தத் தனியாப் பாப்போம்"னு. அத்த மொதல்லயே சொல்லித் தொலச்சா இன்னா? பந்துக்கு அர மணி நேரம் கீது, இதுக்கு இல்லியா?

மஹாவா? எங்கூடப் பேசி மூணு நாளாவுது. "நீ சொல்றியா, நான் சொல்லவா"ன்னுச்சு. நாலு பேரு முன்னாடி அப்பன பொய்யனாக்கிடாதன்னு கையப் புடிச்சி சத்தியம் வாங்கிட்டேன். அந்த மார்க்குக்கு ஏழர பர்சன்ட்டுல சீட்டு நிச்சயம் தம்பி. பொதுவுல போனா கெடைக்காது. ஒரே ஒரு வருஷம்... யாராச்சும் கண்டுக்காம வுட்டுட மாட்டாங்களான்னு பாத்தேன்.

நர்சிங்கு, லேப் படிப்புக்கெல்லாம் வேற அப்ளிகேஷன் கீதுதான். அந்தப் பொண்ணு அப்பவே சொல்லுச்சு, அதுவும் போட்டு வைக்கலாம் அங்கிள்னு. நான்தான், என் பொண்ணு டாக்டரு, ஊசி குத்த அனுப்ப மாட்டேன்னு பேசிட்டேன். அதுக்கும் டாக்டரு சீட்டுக்கும் இன்னிக்கிதான் கடசி. அஞ்சு மணியோட மூடுறாங்க. மஹா ஈ-சேவை மையத்துல வரிசைல நிக்கிது. கூட நிக்க வேண்டியவ எங்க கீறான்ற? ஸ்கூல்ல. தொலச்சது நான்தானே, நானே டூப்ளிகேட் வாங்கித் தரேன்னு காத்தாலேந்து ஹெச்செம் ரூம் வாசல்ல நின்னுனு கீறா. ஃபாரமெல்லாம் அவ ஃபோன்ல கீது. மணி இன்னா ஆவுது? மூணே காலா?

இல்லாத பேப்பர, படிக்காத கிளாஸுக்கு... பழைய ரிஜிஸ்டரெல்லாம் எறக்கித் தேடச் சொல்லிக்கீறாளாம். வாய்ஸ் மெசேஜ் போட்டா. "கவலப்படாதீங்க அங்கிள், கெடச்சிடும்"னு.

இவ்ளோ லூசாவா ஒரு பொண்ணு இருப்பா? என்ன ஒரு வார்த்த எதுத்துக் கேட்டிருந்தா போதும். நீ எப்பய்யா குடுத்தேன்னு கத்தியிருந்தா, நான் அங்கயே...

தோ, திரும்பியும் அடிக்கிறா. தம்பி, ஒரு ஒதவி. நீ எடுத்துப் பேசேன். படிச்சவன் பேசுனா நம்புவா. நான் டாக்டரு, தசரதன் அண்ணனுக்கு நெஞ்சு வலி, இப்பப் பேச முடியாதுன்னு சொல்லு. அஞ்சு மணி வரிக்கும் தாங்குனா போதும், அப்பறம் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க... இந்தா, புடி. தம்பி?

தம்பி?

எறங்கிட்டானா! சிக்னல்லயா? ...தோ, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவுல கோட்டு போவுது பாரு. யோவ்! வெள்ளக் கோட்டு! ...திரும்பிக் கூட பாக்கல.

அடிச்சிகினே கீதே... கட் பண்ண மாட்டாளா இவ?

...

அலோ. ஆங், நான்தாம்மா. வண்டி நிக்கிது, சொல்லு... இரு. நீ அந்த ரிஜிஸ்டர மூடச் சொல்லு. மொதல்ல மூடச் சொல்லும்மா, அதுல கெடைக்காது. ...இல்ல. நீ தொலைக்கல. நான் குடுக்கவே இல்ல.

அழுவாத. அப்பறம் வந்து என்ன செருப்பால கூட அடி. இப்போ மஹாகிட்ட ஓடு, அந்த நர்சிங்கு, லேப் அப்ளிகேஷனப் போடு. மணி மூணே கால்தான் ஆவுது.